வயிற்று வலி இல்லை

என் அக்கா மகனுக்கு வயிற்று வலி இருந்ததே இல்லை. கல்யாணப் பந்தியில் மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து "பழைய சோறு இருக்கா?" என்று பானையைத் திறந்து பார்க்கிற பையன். ஆனால் 2022 ஆவணி மாதம் அவன் போன மறுநாள், போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் "காரணம்?" என்று கேட்டபோது, "தீராத வயிற்று வலிங்க சார்" என்று சொன்னவன் நான்தான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் செய்தித்தாள் படித்து வளர்ந்த எவனுக்கும் அந்த வரி நாக்கு நுனியில் இருக்கும். அவரும் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது, வயிற்று வலியோடு.

அந்த வருஷம் இந்தியாவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான். அந்த அறிக்கையில் காரணவாரியாகக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். குடும்பப் பிரச்சினை, நோய், கடன், காதல் என்று போகும். அதை போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 19,834 பேரில் ஒருவன் எங்கள் வீட்டுச் சின்னவன். அவனை எந்தக் கட்டத்தில் போட்டிருந்தாலும் அதற்கு ஆதாரம் நான் சொன்ன பொய்.

அவனுக்கு இருந்தது மனச்சிதைவு நோய். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. எப்படிப் போனான் என்று எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், அடுத்து இவன். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். பள்ளிக்கூடப் பெயர் ஒன்று இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்ப மாட்டான். 1998இல் அவன் பிறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். மீசைகூட முளைக்காத மாமன். அவன் அலறிய அலறலில் நானும் அழுதுவிட்டேன், அதைச் சொல்லிச் சொல்லியே அவன் என்னை வம்புக்கு இழுப்பான்.

அக்கா வீடு முசிறியில் மெயின் ரோட்டை ஒட்டினாற்போல் ஒரு சந்தில். திருச்சியிலிருந்து நாமக்கல், சேலம் போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். சின்னவனுக்கு பஸ் என்றால் உயிர். பஸ் பிடிக்கும் என்று எல்லாப் பையன்களையும் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஹார்ன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்வான். "மாமா, கேளு, இது ஆறு பத்து வண்டி, இன்னைக்கு லேட்டு, டிரைவர் மாறியிருக்காரு, கியர் மாத்துற சத்தம் வேற" என்பான். வாசலில் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குளித்தலை, அங்கிருந்து கரூர் பக்கம். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பெயர் போன ஊர் என்பதால் கரூர் அவனுக்குக் காசி மாதிரி. பத்தாவது லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் சேஸிஸாக வந்து நிற்கிற வண்டியில் இரும்புச் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, சீட்டு மாட்டி, பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். வெல்டிங் பொறியை நேராகப் பார்க்காதே என்று நூறு முறை சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தான். அப்போதும் "மாமா, நான் இங்கதான் வேலைக்கு வருவேன்" என்றான்.

வீட்டில் அவன் செய்த பஸ் ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடி நீளம். பாடி முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை. அந்த அட்டைதான் வளைத்தால் மடங்காது என்பான், அதற்காகவே சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் பழைய பத்திரிகை கேட்டு வாங்குவான். சீட்டுக்கு தீப்பெட்டிக் கூடு, அதன் மேல் தையல் கடையில் பொறுக்கிய ரெக்ஸின் துண்டு. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கணக்கு எழுதுகிறேன், அங்கிருந்து எல்இடி பல்பும் வயரும் கொண்டுபோய்க் கொடுப்பேன். உள்ளே லைட், முன்னால் ஹெட்லைட், பின்னால் சிவப்பு. கதவு திறக்கும், மூடும். முன் கண்ணாடிக்குக் கீழே நூலில் ஒரு மஞ்சள் பாசிமணியும் பச்சை நூலைத் திரித்துச் செய்த நான்கு மிளகாயும் தொங்கும். எலுமிச்சை மிளகாய் இல்லாமல் எந்த டிரைவர் வண்டி எடுப்பார் என்று என்னிடமே கேட்டான். பெயர்ப்பலகையில் முசிறி என்று ஒற்றை முடி பிரஷ்ஷால் எழுதியிருப்பான், சிறுவனுக்குரிய கையெழுத்தே கிடையாது, பெயின்டர் எழுதின மாதிரி இருக்கும்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவன் போனதிலிருந்து எங்கள் சொந்தத்தில் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் கடைசி ஐந்து வருஷத்தை மட்டும் பேசுகிறார்கள். இல்லையென்றால் பேசாமலே இருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் அவன் இப்படித்தான் இருந்தான்.

கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், மெக்கானிக்கல். 2017 கடைசியில், இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆரம்பித்தது. முதலில் போன் எடுக்க மாட்டான். அப்புறம் எடுத்தால் ரொம்ப மெதுவாகப் பேசுவான். ரூமில் இருக்கிற பசங்க தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ராகிங்காக இருக்கும் என்று மச்சான் கிளம்பிப் போய்ப் பார்த்தார். அந்தப் பசங்களே பயந்துபோய் நின்றார்கள். "அங்கிள், அவன் தூங்குறதே இல்ல, ஃபேனைப் பாத்துப் பதில் சொல்றான்" என்று ஒருவன் அழுதானாம். அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாசல் பக்கமே வரமாட்டான். மெயின் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னலை மூடி, கம்பிக்கு இடையில் துணியைத் திணித்து வைத்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, பஸ் நம்பரெல்லாம் தனக்குச் சேதி சொல்கிறது என்றான். 4417 என்றால் இன்ன அர்த்தம், 2209 என்றால் இன்ன அர்த்தம். ஒரு குரல் எந்நேரமும் அவன் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றான். "இப்ப எந்திரிக்கிறான், இப்ப தண்ணி குடிக்கிறான், இப்ப மாமாகிட்ட சொல்றான்." நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி போனது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எந்தச் சத்தத்துக்காகச் சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவானோ அதே சத்தம்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் நடந்தது. காத்து கருப்பு என்றார்கள். செய்வினை என்றார்கள். பொண்ணு விவகாரம், போனைக் கொடுத்துக் கெடுத்தது என்று ஆளுக்கொன்று. தாயத்து கட்டினோம், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம், வேப்பிலை அடித்தோம். அப்புறம் அக்கா அவனைக் குணசீலம் கூட்டிக்கொண்டு போய், பிரசன்ன வெங்கடாசலபதி சன்னிதியில் 48 நாள் தங்கினாள். மனசு சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் அங்கே வைத்திருந்து, உச்சிவேளையிலும் ராத்திரியிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அந்தக் கோயிலைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். தன் பிள்ளை மாதிரியே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று என் அக்கா முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அங்கே பக்கத்தில் படுத்திருந்த சேலத்துக்கார அம்மா ஒருத்தர்தான், "நாங்க தீர்த்தமும் குடுக்குறோம், மாத்திரையும் குடுக்குறோம்மா, ரெண்டையும் விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். டாக்டரைப் பார்க்கும்போது நோய் ஆரம்பித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மனநல டாக்டரிடம் போகிறோம் என்றதும் அக்காவுக்கு நினைவு வந்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்களே, அது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது சின்னவனுக்கு மூன்று வயது, அவள் மடியில் இருந்தான். "கட்டிப் போட்டுருவாங்களா டாக்டர்?" இதுதான் அவள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி. அவர் நல்ல மனிதர். சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டமே தடுக்கிறது அம்மா, உங்கள் பையனை யாரும் கட்ட மாட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு வேறொன்று நினைவு வந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிச் சிரிப்போம். நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ முறை. 1794இலிருந்து எத்தனை லட்சம் பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிற இடம் அது, அதை ஒரு வசவாக மாற்றி வைத்திருக்கிறோம். அன்றைக்கு டாக்டரைப் பார்க்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, டோக்கன் நம்பர் கூப்பிடுகிற நேரத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கர்ச்சீப்பால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதில் கொஞ்சம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி வரும், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கும் வரும். வளர்ப்பினால் வருவதில்லை. மூளையில் நடக்கிற மாற்றம், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற மாதிரி இதற்கும் சாப்பிட வேண்டும், விடக்கூடாது. அக்கா "வளர்ப்பினால இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

முதலில் கொடுத்த ரிஸ்பெரிடோன் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்கும். ஒரு இடத்தில் உட்கார முடியாது, கால் தானாக நடக்கும், ராத்திரி முழுக்க ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பான். "உள்ளுக்குள்ள எறும்பு ஊறுது மாமா" என்பான். அப்புறம் ஓலன்சபின். தூங்கினான். குரல் தூரமாகப் போய்விட்டது என்றான். ஆனால் 58 கிலோ இருந்தவன் ஒரு வருஷத்தில் 81 ஆனான். எந்நேரமும் பசி. பந்தியில் பாயசம் கேட்ட பசி வேறு, இது வேறு, சாப்பிட்டு எழுந்த உடனே வந்து நிற்கும் பசி. சொந்தக்காரர்கள் "நல்லா சதை போட்டுட்டான், குணமாயிடுச்சு போல" என்பார்கள். அவனுக்குப் பழைய சட்டை எதுவும் சேரவில்லை. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடி மேல் மட்டும் துண்டைப் போட்டு வைத்தான்.

இருந்தாலும் நல்ல காலம் என்று ஒன்று இருந்தது, 2020இலும் 2021இலும். மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது ரோட்டில் ஒரு பஸ் கிடையாது. உலகமே பயந்து கிடந்த அந்த நேரத்தில் சின்னவன் ஜன்னல் கம்பியில் திணித்திருந்த துணியை எடுத்தான். நான் இ-பாஸ் வாங்கிக்கொண்டு பைக்கில் திருச்சியிலிருந்து மாத்திரை கொண்டுபோனபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தான், காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ஜூன் மாதம் பஸ் மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது எங்களுக்குத் திக் என்றது. ஆனால் அவன் உட்கார்ந்துதான் இருந்தான். முதல் வண்டி போனதும், "சும்மா இருந்து இன்ஜின் இறுகிப்போச்சு, சத்தம் நல்லா இல்ல" என்றான். அக்கா உள்ளே ஓடிப்போய் சாமி படத்துக்கு முன்னால் அழுதாள். அந்த வருஷம்தான் பஸ்ஸின் பெயர்ப்பலகைக்குப் புதிதாக லைட் வைத்தான், கை நடுக்கத்தோடு.

இதை எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோய் வந்தால் எல்லோரும் இப்படிப் போய்விடுவதில்லை, பெரும்பாலானவர்கள் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாக இட்லிக் கடை நடத்துகிறார், காலையில் அவர் கடையில் கூட்டம் நிற்கும். சின்னவனும் அப்படி இருந்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் ஆறவில்லை.

2022இல் மூத்தவளுக்கு வரன் வந்தது. நல்ல இடம். பையன் வீட்டார் பார்க்க வருகிற அன்று சின்னவன் வீட்டில் இருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். யார் சொன்னது என்று இப்போது பிரித்துப் பார்த்துப் பயனில்லை, நானும் தலையாட்டினேன். அவனை முக்கொம்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என்னுடையது. சும்மா காற்று வாங்கிட்டு வரலாம்டா என்றேன். மதகுப் பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அவங்க கிளம்பியிருப்பாங்களா மாமா?"

யாருடா என்றேன். "அக்காவைப் பாக்க வந்தவங்க" என்றான். எல்லாம் தெரிந்தே என்னோடு வந்திருக்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வா, இருட்டிடும், வீட்டுக்குப் போலாம்" என்றேன். பைக்கில் வரும்போது முழு வழியும் அவன் என் தோளில் கை வைத்திருந்தான். அந்தக் கை கனம் இன்னும் இருக்கிறது.

ஆடி பிறந்தபோது குரல் மறுபடியும் கிட்டத்தில் வந்துவிட்டது என்றான். இரண்டு மருந்து பார்த்தாகிவிட்டது, குளோசபின் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். ரத்தத்தில் வெள்ளை அணு குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வாரா வாரம் அவனைத் திருச்சிக்குக் கூட்டிப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்கிறது என்று காட்டப்பட்ட மருந்து அது என்பதை நான் பின்னால்தான் படித்தேன். படித்த அன்று கடைக்குப் போகவில்லை.

கடைசி வாரங்களில் அவன் அமைதியாக இருந்தான். சின்ன வயதிலிருந்து சேர்த்த பஸ் டிக்கெட்டுகள் ஒரு டால்டா டப்பா நிறைய இருந்தது, அதை எதிர்வீட்டுச் சின்னப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய மனுஷனாகிவிட்டான், விட்டுக்கொடுக்கிறான் என்று பேசிக்கொண்டோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு டாக்டரைப் போய்ப் பார்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். நோய் வந்த முதல் சில வருஷத்தில்தான் ஆபத்து அதிகம், அதிலும் தனக்கு என்ன ஆயிற்று, எதையெல்லாம் இழந்தோம் என்று பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்கிற நேரம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு அமைதியானால் கிட்டத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டுவிட வேண்டும், செத்துப்போகணும் என்று தோன்றுகிறதா என்று. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. வராது. கேட்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்றுதான் இருக்கும். நான் அவனை எத்தனையோ கேட்டிருக்கிறேன், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா. அதைக் கேட்கவில்லை.

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். முக்கொம்பைப் பற்றி அவரிடம் சொல்லி அழுதபோது சொன்னது அது. அவனைக் கொண்டுபோனது நோய், நீங்கள் இல்லை என்றார். சில நாள் அதை நம்புகிறேன்.

அவன் போனது ஆவணியில். அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு டெலி மானஸ் என்று ஒரு போன் சேவை ஆரம்பித்தது, 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அவன் கூப்பிட்டிருப்பானா, தெரியாது. நான் கூப்பிட்டிருப்பேன். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது இப்போது அப்படி ஒரு ராத்திரி நடந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணை அழுத்துங்கள். வீட்டில் ஒருத்தரை எழுப்புங்கள். தூக்கம் கெட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ கேட்டார்கள். என்னிடம் இரண்டு இருந்தது. ஒன்று பிளஸ் டூ ஹால்டிக்கெட்டுக்கு எடுத்தது, ஒல்லியாக, எண்ணெய் வைத்துத் தலை வாரி. இன்னொன்று 2021இல் நான் போனில் எடுத்தது. குண்டாக, நான்கு நாள் தாடியோடு, பனியன் போட்டுக்கொண்டு, மடியில் அந்த பஸ்ஸை வைத்துக்கொண்டு சிரிப்பான். பெயர்ப்பலகை லைட் எரிந்த அன்று எடுத்தது. ஒல்லியான படத்தைத்தான் கொடுத்தோம். கோடித் துணி போடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், சுவரில் ஒட்டியிருக்கிற பையன் வேறு யாரோ மாதிரி இருந்தான்.

மூத்தவள் கல்யாணம் தள்ளிப்போய், அடுத்த வருஷம் அதே பையனோடுதான் நடந்தது. கல்யாணமாகி கொஞ்ச நாளில் அவளே தன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சொன்னாராம், "எங்க சித்தப்பாவும் இருபது வருஷமா மாத்திரை சாப்பிடுறாரு, அன்னைக்கு அவரையும்தான் நாங்க கூட்டிட்டு வரல." அவள் என்னிடம் இதை போனில் சொன்னாள். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேச முடியாமல் வைத்துவிட்டோம்.

போன மாதம் திதி வந்தது. நான் முதல் நாள் ராத்திரியே போய்விட்டேன். காலையில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, விஷயம் தெரியாதவர், காபி குடித்துக்கொண்டே "பாவம், சின்ன வயசு, வயித்து வலியாமே?" என்றார். நான் எப்போதும்போல எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன். அக்கா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"வயித்து வலி இல்லைங்க பெரியம்மா. என் மவனுக்கு மனசுல நோவு. மனச்சிதைவும்பாங்க. அஞ்சு வருஷம் வைத்தியம் பாத்தோம். ரொம்பப் போராடிப் பாத்தான் புள்ள."

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து இலை துடைக்க ஆரம்பித்தார். நான் போனை எடுத்து அந்த இன்னொரு படத்தை அக்காவிடம் காட்டினேன், இதைப் பிரேம் போடலாமா என்று. வாங்கிப் பார்த்தாள். "இதுலதான் நல்லா சிரிக்கிறான்" என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மச்சான் பீரோ மேலிருந்து பஸ்ஸை இறக்கினார். பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தது. அவர் இந்த மூன்று வருஷத்தில் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைக்குப் போய் பென்சில் செல் இரண்டு வாங்கி வந்திருந்தார். பழையது ஒழுகிப் பச்சை பிடித்திருந்தது, பிளேடால் சுரண்டித் துடைத்துப் போட்டார். உள் லைட் எரிந்தது. ஹெட்லைட் எரிந்தது. முசிறி எரிந்தது. பின்பக்கம் வலது பக்கச் சிவப்பு மட்டும் எரியவில்லை. வயர் நன்றாகத்தான் இருக்கிறது, பல்புதான் போயிருக்கிறது. கடையில் அந்த சைஸ் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.